என் வயிற்றில் இரண்டாம் தரை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆன்டனி அவர்களுக்கு, மாமனார் மனுவேல் எழுதிக்கொள்வது.

உங்கள் கம்பெனி செய்த ஸ்கேன் மிஷின் என் வயிற்றைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் ஒற்றைத் திரைச்சீலைக்குப் பின்னால், பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கிறது. அதைத் திருத்தப் போன என்னை இனி ஆஸ்பத்திரிப் படி ஏறக் கூடாது என்று சிஸ்டர்மார் தடுத்துவிட்டார்கள். இவை இரண்டும் எனக்கு நடந்த அநியாயம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் நலம் விசாரிக்க ஆரம்பித்தால் என் கோபம் ஆறிவிடும். ஆறின கோபத்தோடு எழுதிய கடிதத்தை யாரும் மதிப்பதில்லை.

இனி முறைப்படி. நீங்களும் என் மகள் பிளாரன்சும் பேரனும் பெங்களூரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே உங்கள் அத்தை சுகம். கோழிகள் சுகம். கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு கூடியிருக்கிறது. என் சுகம் வழக்கில் இருக்கிறது, ஆகவே அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் உங்கள் அத்தையின் கைவசம் இருக்கிறது. நான் பேசினால் படபடப்பு வருமாம், படபடப்பு வந்தால் உள்ளே வெடித்துவிடுமாம், எழுதினால் ஒன்றும் ஆகாதாம். இந்த வைத்திய அறிவு உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

மிஷின் வந்த கதையிலிருந்து சொல்கிறேன். கோவிலுக்குப் பின்னால் சிஸ்டர்மார் நடத்துகிற இரண்டு அறை ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். அதில் ஸ்கேன் கிடையாது. நம்ம ஊர்ப் பிள்ளைத்தாச்சிகள் ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்து, கால் வீங்கித் திரும்பி வருவார்கள். பெரிய மிஷின் வாங்கச் சிஸ்டர்மாருக்கு வழியில்லை. சின்ன ஆஸ்பத்திரிக்கும் கட்டுபடியாகிற மாதிரி நீங்கள் ஒன்றைச் செய்து, சோதித்துப் பார்க்க முதலாவதாக நம்ம ஊருக்கே அனுப்பிவைத்தீர்கள். அதற்காக நான் உங்களைப் புகழ்ந்த புகழ்ச்சிக்கு அளவில்லை. மீன் ஏலக் கூடத்தில் புகழ்ந்தேன். ஐஸ் கம்பெனியில் புகழ்ந்தேன். பூசை முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்திவைத்துப் புகழ்ந்தேன். பெட்டியை உடைக்கிற அன்றைக்கு முன்வரிசையில் நின்றேன். உள்ளே முகம் மழிக்கிற மிஷின் அளவுக்கு ஒரு சாமான், அதில் ஒரு வயர், வயரின் நுனியை ஒரு போனில் செருக வேண்டும், அவ்வளவுதான். நான் அட்டையையும் தெர்மாகோலையும் கிளறி மிஷினைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஷெர்லின் என் தோளைத் தொட்டு, “தாத்தா, மிஷின் என் கையில இருக்கு” என்றாள். ஊரே பார்த்தது.

அங்கேயே எனக்கு மிஷின் மேல் மனக்கசப்பு வந்துவிட்டது. என் தொழில் உங்களுக்குத் தெரியும். படகுக்கு அடியிலிருந்து தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துக் கடலாழத்தையும் மீன் கூட்டத்தையும் திரையில் காட்டுகிற எக்கோ கருவியை, மீன்பிடித் துறைமுகத்தில் என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பழுது பார்க்கிறேன். யாரிடமும் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், கருவியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். புரியாத பக்கங்களைக் கருவியைப் பிரித்துப் போட்டுப் புரிந்துகொண்டேன். திரும்ப மாட்ட முடியாமல் போனவை சில உண்டு, அவற்றைப் பற்றி யாரும் இப்போது கேட்பதில்லை. எக்கோ மனுவேல் என்றுதான் ஊரில் பெயர். ஸ்கேனும் அதே சத்தம்தான், அதே திருப்பம்தான், கடலுக்குப் பதிலாக வயிறு. ஆகவே அந்த அறைக்கு என்னைவிட்டால் வேறு மேற்பார்வை கிடையாது என்று நானே முடிவு செய்து, காலையில் ஆஸ்பத்திரி திறந்ததும் பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

உள்ளே ஷெர்லின் பார்ப்பாள், வெளியே நான் உத்தரவு கொடுப்பேன். “கெயினைக் கூட்டு தாயி, திரும்புத சத்தம் பெருசாத் தெரியும்!” என்பேன். “ஆழத்தைக் குறை!” என்பேன். “தாத்தா, உள்ள பொம்பளயாளு படுத்திருக்கா, சத்தம் போடாதீங்க” என்பாள். “நான் பாக்கவா செய்தேன்? சொல்லத்தானே செய்யுதேன்!” ஒருநாள் உப்பளத்தில் வேலை பார்க்கிற இசக்கிசெல்வி, நிறைமாசத்துக்குக் கொஞ்சம் முந்தி, உள்ளே படுத்திருந்தாள். அவள் படுத்தபடியே சத்தம் போட்டாள்: “டாக்டரம்மா, நான் எந்திரிக்கேன். இந்த எக்கோ தாத்தாவ மொதல்ல படுக்கப் போடுங்க. இவுகளுக்கு என்ன பொறக்கப் போவுதுன்னு பாத்துருவோம்.” சிஸ்டர் அற்புதமணி மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “என்ன பொறக்கும்னு இங்க சொல்லக் கூடாதுளா, சட்டம். செவத்துல போர்டு மாட்டிருக்கு பாரு” என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பார்களே.

ஷெர்லின் ஸ்கேன் பழகி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. கை பழக வேறு வேறு வயிறுகள் வேண்டும் என்றும், மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் போன் வழியாகக் கூடவே பார்த்துச் சொல்லிக்கொடுப்பார் என்றும் கோவிலில் அறிவித்தார்கள். யாரும் போகவில்லை. இரும்பு வயிறு என்று பெயரெடுத்தவன் நான் இருக்கிறேனே என்று சட்டையைக் கழற்றினேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிறு என்றால் குழம்பில்லாமல் ஆப்பம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஷெர்லின் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரே காத்தா இருக்கு தாத்தா, ஒண்ணுமே தெரியல” என்றாள். சத்தம் அனுப்புகிற எக்கோ முகத்துக்கு அடியில் காற்றுக் குமிழ் சேர்ந்தால் திரை குருடாகிவிடும் என்று எத்தனை படகு டிரைவர்களை நான் கேவலமாகத் திட்டியிருக்கிறேன் என்பதை எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுபடி பட்டினியாகப் போனேன். இந்தத் தடவை திரை தெளிவாக இருந்தது. நான் படுத்தபடி அவளுக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்தேன். “இது சகதி. இது பாறை. அந்தா ஓடுது பாரு, சாளைக் கூட்டம்.” “சகதின்னு சொன்னது உங்க ஈரல் தாத்தா. பாறை உங்க முதுகெலும்பு. சாளை நேத்து சாப்பிட்டது.” இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் பேச்சை நிறுத்தினாள். கை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. போனுக்குள்ளிருந்து மதுரைக் குரல், “அங்கயே நிறுத்துங்க டாக்டர். அளந்து பாருங்க” என்றது. எக்கோ வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது இந்த அமைதிதான். திரையில் வரக் கூடாத ஒன்று வரும்போது டிரைவர் இப்படித்தான் வாயை மூடுவான்.

“தாத்தா, நெஞ்சிலேருந்து கீழ வார பெரிய ரத்தக்குழாய், கட்டைவிரல் பருமன் இருக்கணும். உங்களுக்கு ஒரு இடத்துல பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கு. இப்ப வலி இருக்காது. ஆனா வெடிச்சா தூத்துக்குடி போய்ச் சேருற வரைக்கும் தாங்காது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்” என்றாள். குரல் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் திரைச்சீலைக்குக் காது உண்டு, அந்தப் பக்கம் பெஞ்சுக்கு அதைவிடப் பெரிய காது உண்டு.

நான் பதறவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் சத்தம் தரையில் பட்டு, மேலே வந்து, மறுபடி கீழே போய்த் திரும்பும். அப்போது உண்மையான தரைக்கு அடியில் இன்னொரு தரை திரையில் விழும். ரெண்டாம் தரை என்போம். இல்லாத தரை அது. புது டிரைவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். “தாயி, இது ரெண்டாம் தரை” என்றேன். “கெயினைக் குறை, போயிரும்.” குறைத்தாள். போகவில்லை. “ஆழத்தை மாத்து.” மாற்றினாள். போகவில்லை. அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது. “தாத்தா, தரை துடிக்குமா?” என்று கேட்டாள். துடிக்காது. அதை அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவரை நான் தோற்றதாக அர்த்தமில்லை.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து நான் இந்தத் தெருவுக்கு ஒரு வெடிகுண்டு. பாரம் தூக்கக் கூடாது என்று ஷெர்லின் சொன்னதை ஊர் தன் இஷ்டத்துக்கு நீட்டிவிட்டது. நான் குடத்தைத் தொட்டால் எதிர்வீட்டிலிருந்து ஓடி வருகிறார்கள். டீக்கடையில் கிளாசை என் கையில் கொடுக்க யோசிக்கிறார்கள். தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது, தும்மி முடித்ததும் ஒவ்வொருவராக மூச்சு விடுகிறார்கள். துறைமுகத்தில் ரொமால்ட் படகில் எக்கோ கெட்டுப்போய்க் கிடந்தது, சரி செய்து கொடுப்போம் என்று இறங்கப் போனேன். கையை நீட்டி மறித்தான். “அண்ணாச்சி, உம்ம வயித்துல வெடி இருக்குன்னு சொல்லுதாவ. என் படகு பைபர். கோவிச்சுக்கிடாதீயும்.” “வெடிச்சா நான்தானவே சாவேன், உம்ம படகுக்கு என்ன?” “அதுக்குப் பெறவு எவன் இந்தப் படகுல ஏறுவான்?” ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மதுரைப் பெரிய டாக்டர் தானே இடம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியனுப்பினார். நான் மறுத்துவிட்டேன். போனால் மிஷின் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகும். தூத்துக்குடிக்குப் போய்ப் பெரிய மிஷினில் பார்த்துவிட்டாவது வாருங்கள் என்று உங்கள் அத்தை கெஞ்சினாள். அதற்கும் போனால் பாதி ஒப்புக்கொண்டதாக ஆகும். சின்ன மிஷின்தான் தப்பு என்று இங்கேயே நிரூபிப்பது என்று தீர்மானித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குக் குற்றவாளி கிடைத்தது. மிஷினின் முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு பசை தடவுகிறார்கள். குளிர்ந்த பசை, தீர்ந்துபோனால் மறுபடி வரவழைக்க வேண்டிய பசை. நாங்கள் எக்கோ முகத்தைப் படகின் உட்பக்கம் பதிக்கும்போது சுற்றிலும் விளக்கெண்ணெய் ஊற்றி அதில்தான் உட்கார வைப்போம். வருஷக் கணக்கில் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும், படம் கண்ணாடி மாதிரி விழும். பசைக்குப் பதில் விளக்கெண்ணெய் என்றால் படமும் தெளியும், ஏழை ஆஸ்பத்திரிக்கு ஒரு செலவும் குறையும், உங்கள் கம்பெனிக்கு ஒரு கண்டுபிடிப்பும் ஆகும். உங்களுக்கு ஒரு உபகாரம் செய்வதாகவே நினைத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிஷினை என் பட்டறைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். ஸ்கேன் மிஷினைப் பதிவு செய்த அறையை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லை என்று சிஸ்டர் அற்புதமணி மறுத்தார். சரி, மிஷின் வரக் கூடாதென்றால் எண்ணெய் போகலாமே. சனிக்கிழமை சாயங்காலம் இன்வெர்ட்டர் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினேன். சிவனாண்டி அண்ணாச்சி கடையில் விளக்கெண்ணெய் வாங்கும்போது, “என்ன, மலச்சிக்கலா? முக்காதீரும் வே, வெடிச்சிரும்” என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தார். போனிலிருந்து வயரைக் கழற்றி, ஒரு தம்ளரில் எண்ணெய் ஊற்றி, மிஷினின் முகத்தை அதில் முக்கி, திங்கட்கிழமை வரை நன்றாக ஊறட்டும் என்று வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். ஞாயிறு பூசையில் எனக்கு இருந்த மன அமைதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அதன் முகம் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அதன் முகத்தில் இருப்பது மெல்லிய ரப்பராம், எண்ணெய் ஆகாதாம், பெட்டியோடு வந்த அட்டையில் எண்ணெய்ப் பாட்டிலைப் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்திருக்கிறார்களாம். படம் பார்த்துத் தெரிந்துகொள்வது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று அந்த அட்டையை நான் புரட்டவே இல்லை. போனில் செருகினால் திரையில் புள்ளி புள்ளியாக மழைதான் பெய்தது. ஷெர்லின் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “இன்னிக்கு இசக்கிசெல்விய வரச் சொல்லியிருந்தேன் தாத்தா. பிள்ளை வளர்ச்சி கம்மியா தெரிஞ்சுது, மறுபடி பாக்கணும்னு” என்று மட்டும் சொன்னாள். இசக்கிசெல்வி பெஞ்சில்தான் இருந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்க ஒன்றும் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். சிஸ்டர் அற்புதமணி என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, “இனிமே நீங்க இந்தப் படி ஏறப்படாது. சீக்குன்னா ஆள் விட்டுச் சொல்லுங்க, நாங்க வீட்டுக்கு வாரோம்” என்றார். வைத்தியம் உண்டு, நுழைவு இல்லை. இந்த ஊரில் இப்படி ஒரு தண்டனை பெற்ற முதல் ஆள் நான்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நியாயம் என் பக்கம் இருப்பதாக எனக்கே அவ்வளவாகத் தெரியவில்லை. அது எழுத்தின் குறையாக இருக்கும். ஆகவே செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நீங்கள், கம்பெனி தலைப்புத் தாளில், எங்கள் மிஷின் கடலுக்கு நேரே உள்ள ஊர்களில் சில சமயம் தப்பாகக் காட்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஷெர்லின் அதே திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, வெளியே பெஞ்சு நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, மனுவேல் தாத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். சிஸ்டர் அற்புதமணி தடையை நீக்க வேண்டும், பெஞ்சில் என் இடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ரொமால்ட் என்னைப் படகில் ஏற்ற வேண்டும். உங்கள் அத்தை குழம்பில் பழையபடி உப்புப் போட வேண்டும், நான் உறங்கும்போது வந்து மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பிளாரன்ஸ் அவளிடம் போனில் அழுவதை நிறுத்த வேண்டும், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நான் செய்ய வேண்டியது என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கைத்தொழில் ஓங்கவும், வீட்டில் சமாதானம் நிலைக்கவும், பேரன் உங்களைப் போல அறிவும் என்னைப் போல உறுதியும் பெற்று வளரவும் கடலோர மாதா துணை நிற்பாளாக. உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு, விட்டுக்கொடுக்காத மாமனார்,
மனுவேல்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போடப் போனபோது பஸ் நிறுத்தத்தில் இசக்கிசெல்வி தனியாக நின்றாள். ஸ்கேனுக்குத் தூத்துக்குடி போகிறாள், புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான். “தாத்தா, நீங்களும் ஸ்கேனுக்கா?” என்றாள். “இல்ல, ஒனக்குத் தொணைக்கு” என்று வாயில் வந்துவிட்டது, வந்த பிறகு பஸ் ஏறாமல் இருக்க முடியவில்லை. அங்கே பீரோ அளவு மிஷின். அவளுக்குப் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது, கவலை இல்லை என்றார்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு அந்தக் கையை விடாமலே, “இப்ப நீங்க போங்க” என்று உள்ளே தள்ளினாள். ஷெர்லின் சொன்ன அதே இடம், அதே அளவு. ரெண்டாம் தரையாக இருக்குமோ என்று கேட்டேன். “மூச்சைப் பிடிங்க ஐயா” என்றார்கள்.

ஆகவே மேலே கேட்டதில் எதையும் செய்ய வேண்டாம். தலைப்புத் தாளில் எழுதுவதானால், மிஷின் சரியாகச் சொன்னது என்று ஷெர்லினுக்கு எழுதுங்கள், எனக்கு வாய் வரவில்லை. மிஷினுக்குப் புது முகம் ஒன்று உடனே அனுப்புங்கள், பிள்ளைத்தாச்சிகள் பஸ்ஸில் போகிறார்கள். வருகிற வாரம் மதுரையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அத்தை கூட வருகிறாள், ஆனால் அவள் முன்னால் நான் தைரியமாக இருக்க வேண்டியிருக்கிறது, அது பெரிய வேலை. பிளாரன்சிடம் இதை மட்டும் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை: எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு கிடைத்தால் வாருங்கள். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் கூட நடந்து வந்தால் போதும். உள்ளே நான் பார்த்துக்கொள்கிறேன்.